மூன்று ஈர ஸ்வெட்டர்கள்

படகுக் கொட்டகையின் நடுவில், கூரைச் சட்டத்திலிருந்து ஒரு கொக்கித் தராசு தொங்கியது. தராசின் கீழே ஒரு அலுமினியச் சட்டம். அந்தச் சட்டத்தில் மூன்று கம்பளி ஸ்வெட்டர்கள், ஒரு ரப்பர் உடுப்பு, ஒரு லைஃப் ஜாக்கெட். எல்லாவற்றிலிருந்தும் ஏரித் தண்ணீர் சிமெண்டுத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

போட்டி அதிகாரி, ஓய்வுபெற்ற ஒரு பிரெஞ்சுக்காரர், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு விரலை உயர்த்திப் பிடித்திருந்தார். நனைத்த உடுப்புகளை ஒரு நிமிடம் சொட்டவிட்டு, அதன் பிறகுதான் நிறுக்க வேண்டும் என்பது விதி.

அந்த ஒரு நிமிடமும் நான் ஸ்வெட்டர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று பழுப்பு, ஒன்று கறுப்பு, மூன்றாவது யாரோ கையால் பின்னியது. ஈரக் கம்பளி வாசம் கொட்டகை முழுக்க நிறைந்திருந்தது. அவற்றைக் கழற்றிக் கொடுத்த தவராசா அண்ணை என் பக்கத்தில் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றார். அவரை நான் பார்க்கவில்லை. புகார் கொடுத்தவன் நான்.

இந்தத் தொடரைப் படித்துவரும் ஒரு வாசகர் சென்ற வாரம் எழுதியிருந்தார்: "உங்கள் நினைவுகளில் நீங்கள் எப்போதும் அடிவாங்குபவராகவே வருகிறீர்கள். நீங்கள் யாரையும் அடித்ததே இல்லையா?" நியாயமான கேள்வி. இந்த வாரம் அவருக்காக.

ஒரு படகு, மூன்று பாய்கள்

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. திருச்சியிலிருந்து மொன்றியலுக்குப் படிக்க வந்து, படிப்பை முடித்து, நகர மையத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் உட்கார்ந்திருந்தேன். குடியிருப்பு லாசாலில், மூன்றாவது மாடி. கல்யாணம் ஆகவில்லை. ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை ஆற்றோரமாகவே நடந்து லாசீன் வரைக்கும் போனேன். அங்கே ஆறு அகன்று ஏரியாகிறது. ஏரியில் சின்னச் சின்ன வெள்ளைப் பாய்கள். பெரியவர்களுக்கும் கற்றுத் தருவார்கள் என்று வேலியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. விடுமுறை நாளில் வேறு வேலையில்லாத மனுசனுக்கு அது போதாதா?

படகைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பதினான்கு அடி நீளம், ஓட்ட ஒரே ஒருவர். எல்லோருக்கும் படகு ஒன்றுதான். ஆனால் அதற்கு மூன்று அளவுகளில் பாய் உண்டு: பெரியது, நடுத்தரம், சின்னது. பாய்க்கு ஏற்ற மாதிரி அதைத் தாங்கும் மரத்தின் அடிப்பாதியும் மாறும். மரம் என்று சொல்கிறேனே தவிர, அது அலுமினியக் குழாய்தான்.

காற்று பாயைத் தள்ளும்போது படகு சாயும். அதைச் சாயவிடாமல் நிமிர்த்தி வைத்தால்தான் வேகம். அதற்காக ஓட்டுகிறவர் கால்களை ஒரு பட்டைக்குள் மாட்டிக்கொண்டு, உடம்பைப் படகுக்கு வெளியே, தண்ணீருக்கு மேலே மல்லாக்கச் சாய்த்துத் தொங்க வேண்டும். ஒரு தட்டில் பாய், மறு தட்டில் நாம். எண்பது கிலோ பக்கம் இருக்கிறவருக்குப் பெரிய பாய். அறுபதுகளில் இருந்தால் நடுப்பாய். விஷயம் அவ்வளவுதான்.

நான் அறுபத்து நான்கு கிலோ. நான் எடுத்தது பெரிய பாய்.

காரணம் கேட்டால் இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது. எங்கள் கிளப்பில் நடுப்பாய் ஓட்டியவர்களில் பாதிப் பேர் பெண்கள், மீதிப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். எங்களுக்குப் பயிற்சி தந்த பெண்ணிடம் இதை நான் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. படகுக்கு நீ ஆணா பெண்ணா என்று தெரியாது, எத்தனை கிலோ என்று மட்டும்தான் தெரியும் என்றாள்.

கேட்டேனா? பாயைக் குறைப்பதற்குப் பதிலாக உடம்பைக் கூட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். காலணிக்கு ஏற்றபடி காலை வளர்க்கிற புத்தி. சொல்புத்தியும் இல்லை, சுயபுத்தியும் இல்லை என்று என் அப்பா சும்மாவா சொன்னார்.

தராசு

தவராசா அண்ணையைக் கிளப்பின் கார் நிறுத்துமிடத்தில்தான் சந்தித்தேன். கிளப்பில் இருந்த தமிழர்கள் நாங்கள் இரண்டே பேர். அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். லாசாலில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மாலை ஷிப்ட். மகளைக் கோடை முகாமுக்குக் கூட்டிவந்து விட்டுவிட்டு, கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் தானும் ஏறிவிட்டார். அகலமான தோள், தடித்த தொடை, எண்பத்து மூன்று கிலோ. பெரிய பாய்க்கென்றே பிறந்த ஆள்.

யாழ்ப்பாணப் பேச்சைக் கேட்டதும் நான் பாட்டுக்குக் கடலோரத்து ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

"அண்ணே, உங்களுக்கென்ன, சின்ன வயசுலேர்ந்து கடல்லயே இருந்திருப்பீங்க."

"ஆர் சொன்னது? நான் கிளிநொச்சிப் பக்கம். எங்களுக்குக் குளமும் வயலும்தான் தம்பி. நீந்தப் பழகினதே இஞ்சை வந்து, லாசால் நீச்சல் குளத்திலை, முப்பத்தஞ்சு வயசிலை. பக்கத்திலை நாலு வயசுப் பிள்ளையள் என்னைப் பாத்துச் சிரிக்குங்கள்."

உடுப்பு மாற்றும் அறையின் மூலையில் பழைய தராசு ஒன்று கிடந்தது. ஏறி நின்றால் முள் ஆடி ஆடி நிற்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் படகில் பாயைப் பூட்டுவதற்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் அதில் ஏறுவோம். முதலில் அவர், பிறகு நான். நான் ஒரு நீல அட்டை நோட்டில் எழுதுவேன். கோடு போட்டு, என்ன கிழமை, காற்று எப்படி, என் எடை, அவர் எடை, யார் எத்தனாவது, கடைசியில் ஒரு குறிப்பு.

"நீர் எஞ்சினியரெல்லோ, எழுதும் எழுதும்," என்று சிரிப்பார். "நீர் எண்பது வாற அண்டைக்கு நான் ஒரு பார்ட்டி வைக்கிறன்."

என்னை எண்பதாக்கும் பொறுப்பை அவர் மனைவி பவானி அக்கா எடுத்துக்கொண்டார். ஒரு கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், அவருக்கு வேலை. பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு. தனியாக இருக்கிற பையன் ரொட்டியைத் தின்று காலம் தள்ளுகிறான் என்று கேள்விப்பட்டதிலிருந்து, சனிக்கிழமைகளில் அண்ணையிடம் இரண்டு பெட்டி கொடுத்துவிடுவார். புட்டும் ஆட்டுக்கறியும், இல்லையென்றால் இடியப்பமும் சொதியும். கூடவே காகிதத்தில் சுற்றிய மீன் ரோல்ஸ். ஒரு பெட்டி அவருக்கு, ஒன்று எனக்கு.

குளிர்காலத்தில் ஏரி உறைந்து கிடக்கும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை தொடைகளுக்குத்தான் பயிற்சி. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நிற்க வேண்டும். நான் என் வீட்டில் நிற்பேன், அவர் அவர் வீட்டில் நிற்பார், இரண்டு பேரும் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு. யார் முதலில் விழுகிறார் என்று போட்டி. மூன்றாவது நிமிடத்தில் அவர் ஊர்க் கெட்ட வார்த்தைகளை வரிசையாகச் சொல்லத் தொடங்குவார். நான் சிரித்தே விழுந்துவிடுவேன். என் வாழ்க்கையில் ஒரு ஆணோடு அவ்வளவு நெருக்கமாக நான் இருந்ததில்லை. அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல இடம் இருக்காது.

பலகை

கிளப் வாசலில் ஒரு மரப்பலகை உண்டு. கோடை முழுக்க நடக்கும் சனிக்கிழமைப் போட்டிகளில் பெரிய பாய்ப் பிரிவில் யார் முன்னால் வருகிறாரோ, அவர் பெயரை அந்தப் பலகையில் தங்க நிறத்தில் எழுதுவார்கள். அதோடு கிளப்பிடம் இருந்த ஒரே ஒரு புதுப் பெரிய பாயையும் அவரிடம் கொடுத்து, செப்டம்பரில் ஒன்ராறியோவில் நடக்கும் போட்டிக்கு அனுப்புவார்கள். புதுப் பாயை நீங்கள் தொட்டுப் பார்க்க வேண்டும். மொடமொடவென்று, கஞ்சி போட்ட வேட்டி மாதிரி இருக்கும். நாங்கள் ஓட்டியதெல்லாம் துவண்ட பழம்பாய்.

அந்தப் பலகையில் அதுவரை ஒரு தமிழ்ப் பெயர் இல்லை. ஏன், பிரெஞ்சும் இங்கிலீஷும் அல்லாத பெயரே இல்லை.

"ஒருக்கா எண்டாலும் உதிலை என்ரை பேர் ஏறவேணும் தம்பி," என்று அவர் ஒருநாள் பலகையைத் தடவிச் சொன்னார். "இருவது வருசமா இந்த நாட்டிலை என்ரை பேர் எழுதினது தொழிற்சாலையிலை நேரம் அடிக்கிற அட்டையிலை மட்டும்தான்."

எனக்கும் அந்தப் பலகை வேண்டியிருந்தது. ஆனால் அவரைப் போல நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

எங்கள் மூன்றாவது கோடை அது. பெரிய பாயில் இருந்த பழைய ஆட்களில் இரண்டு பேர் ஊர் மாறிவிட்டார்கள், ஒருவர் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் போய்விட்டார். மிச்சம் இருந்தவர்களில் முதலிடத்துக்கு வரக்கூடியவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

கடைசிக் கட்டத்தில் எழுதியது

மே மாதம் அவர் எண்பத்து மூன்று, நான் அறுபத்தாறு. ஜூன் முதல் வாரத்தில் ஆற்றங்கரையே ஈசல் போன்ற பூச்சியால் மூடிக்கிடக்கும். பாயில் ஒட்டும், வாயில் போகும். அந்தச் சனிக்கிழமை அவர் எண்பது. ஜூன் கடைசியில் எழுபத்தெட்டு. ஜூலை நடுவில் எழுபத்தைந்து.

நான் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தேன்.

அவர் மெலிகிறார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. வாரா வாரம் முள்ளைப் பார்த்து எழுதியவனே நான்தானே. பயிற்சியால் குறைகிறது என்று அவர் சொன்னார், நானும் ஆமாம் என்றேன். கல்யாண வீடுகளில் சனம் அவரைப் பிடித்து வைத்து, "என்ன தவம், பெடியன் மாதிரி வந்திட்டாய், என்ன செய்தனி?" என்று கேட்டதாம். பவானி அக்காகூட அவருடைய பழைய கால்சட்டைகளை இடுப்பில் பிடித்துத் தைத்துக் கொடுத்துவிட்டுப் பெருமையாகச் சொன்னார். நம்மவர்களுக்கு நாற்பது வயதுக்கு மேல் ஒருவர் மெலிந்தால் அது சாதனை.

ஆனால் என் சந்தோஷம் வேறு. பெரிய பாய்க்கு எண்பது கிலோ வேண்டும். எழுபத்தைந்துக்கு இறங்கியவரால், ஆகஸ்டில் மேற்கிலிருந்து காற்று ஏறும்போது பழையபடி என்னைவிடச் சுலபமாகப் படகை நிமிர்த்தி வைக்க முடியாது. அவரிடமிருந்த ஒரே அனுகூலம் அவருடைய எடை. அது கரைந்துகொண்டிருந்தது. நோட்டில் கடைசிக் கட்டத்தில், குறிப்பு எழுதுமிடத்தில், அவர் எடைக்கு நேராக ஒரே சொல்லை எழுதினேன். அடுத்த வாரமும் அதையே எழுதினேன். அதற்கடுத்த வாரமும்.

ஜூலையில் காற்று செத்துக் கிடந்தது. மெல்லிய காற்றில் எடை குறைந்தவருக்குத்தான் வேகம். அதுவரை அது என் அனுகூலம்; அவரும் மெலிந்ததில் அது போய், அவர் ஜெயித்துக்கொண்டே போனார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஆகஸ்டுக்காகக் காத்திருந்தேன்.

மத்தியானம் கரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். தலைக்கு மேலே டோர்வாலில் இறங்கும் விமானங்கள் தாழ்வாகப் போகும். அவர் தன் பெட்டியைத் திறந்து, இரண்டு வாய் வைத்துவிட்டு, என் பக்கம் தள்ளுவார்.

"நீர் சாப்பிடும். எனக்கு வயிறு ஒரு மாதிரிக் கிடக்கு."

"டாக்டர்ட்ட காட்டினீங்களாண்ணே?"

"பேந்து பாப்பம். சீசன் முடியட்டும்."

நான் சாப்பிட்டேன். இரண்டு பெட்டியையும் சாப்பிட்டேன். பவானி அக்காவின் ஆட்டுக்கறி அப்படி இருக்கும். நான் கேட்ட கேள்விக்குக்கூட, உண்மையைச் சொல்கிறேன், பதில் எனக்குத் தேவைப்படவில்லை.

ஆகஸ்டின் முதல் சனிக்கிழமை அவர் எழுபத்து மூன்று. அதற்குப் பிறகு அவர் தராசில் ஏறவில்லை. "இண்டைக்கு வேண்டாம் தம்பி," என்று சொல்லிவிட்டு நேரே படகிடம் போய்விடுவார்.

கடைசிப் போட்டி

ஆகஸ்டில் அவர் தளரத் தளர நான் எட்டிப் பிடித்து, கடைசிச் சனிக்கிழமை இரண்டு பேரும் புள்ளியில் சமம். அன்றைக்கு யார் முந்துகிறாரோ அவருக்குப் பலகை.

காலையிலேயே ஏரி சாம்பல் நிறத்தில் கிடந்தது. நான் காத்திருந்த காற்று வந்துவிட்டது. அலைகளின் தலை வெள்ளையாக உடைந்தது. நான் உடுப்பு மாற்றப் போனபோது அவர் சுவரைப் பார்த்து நின்று, ரப்பர் உடுப்புக்கு மேலே ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டிருந்தார். அதன் மேல் இன்னொன்று. அதன் மேல் மூன்றாவது. வெளியே ஆகஸ்டு மாதம். நான் அரைக்கை பனியனோடு நின்றிருந்தேன்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தேன். இது இந்த விளையாட்டில் பழைய திருட்டு. கம்பளி தண்ணீரைக் குடிக்கும். நனைந்த மூன்று ஸ்வெட்டர் ஏழெட்டு கிலோ வரும். குறைந்துபோன உடம்பை ஈரக் கம்பளியால் நிரப்பிக்கொள்ளலாம். அதனால்தான் விதிப் புத்தகத்தில் உடுப்புக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். நனைந்த நிலையில் எட்டு கிலோவுக்கு மேல் போகக்கூடாது.

நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. 'அண்ணே, இது தப்பு' என்று அங்கேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவரும் காரணத்தைச் சொல்லியிருப்பார். நான் சொல்லவில்லை, ஏனென்றால் தண்ணீரில் அவர் என்னை முந்திவிட்டால் அது எனக்குத் தேவைப்படும்.

முந்தினார். ஒரு படகு நீளம்தான், ஆனால் முந்தினார். எப்படி முந்தினார் என்று இன்றைக்கும் எனக்கு வியப்பு. என் படகு ஒவ்வொரு வீச்சுக்கும் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. அவர் எனக்கு முன்னால் காதுவரை தண்ணீரில் தொங்கிக்கொண்டு போனார். கயிறுகளை இழுத்து இழுத்துப் பாயைத் தட்டையாக்கி, காற்றை வழியவிட்டு, ஒவ்வொரு அலைக்கும் உடம்பை எறிந்து எறிந்து போனார். அது எடையால் வந்த வெற்றி இல்லை. படகு ஓட்டத் தெரிந்தவர் ஓட்டியது.

எல்லைக் கோட்டைத் தாண்டியதும் நான் கையைத் தூக்கி, "புரொட்டெஸ்ட்" என்று கத்தினேன், புகார் என்று அர்த்தம். அவர் திரும்பிப் பார்த்தார். யாரைச் சொல்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார்.

ஒரு நிமிடம்

விரல் இறங்கியது. நிமிடம் முடிந்தது. அதிகாரி தராசைப் படித்தார். ஒன்பது கிலோவைத் தாண்டியிருந்தது.

அவர் தவராசா அண்ணையைப் பார்த்து, ஏன் இத்தனை உடுப்பு என்று பிரெஞ்சில் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

"ஃபுருவா," என்றார் அண்ணை. குளிர். அவருடைய பிரெஞ்சு அந்தத் தொழிற்சாலைப் பிரெஞ்சுதான், ஒற்றைச் சொற்களாக வரும். அதை விளக்கிக் காட்டுவதற்காகக் கைகளைத் தூக்கிக் குறுக்கே கட்டிக்கொண்டார். துண்டு நழுவிக் கீழே விழுந்தது.

அப்போதுதான் நான் ஆளைப் பார்த்தேன். தோள் எலும்பு இரண்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றன. விலா எலும்பை எண்ணலாம். வயிறு உள்ளே போய், தோல் மட்டும் சுருங்கித் தொங்கியது. எழுபத்து மூன்றுக்கும் எப்போதோ கீழே இறங்கிவிட்ட உடம்பு. அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். கொட்டகைக்குள் காற்றே இல்லை.

"குளிருது தம்பி," என்று என்னிடம் தமிழில் சொன்னார். "தண்ணியிலை மட்டுமில்லை, வீட்டிலையும்தான். ஆடியிலை இருந்து இப்பிடித்தான். எடைக்கெண்டு நான் போடேல்லை."

அதிகாரி குனிந்து துண்டை எடுத்து அவர் தோளில் போர்த்திவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, எனக்குப் புரிய வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். விசாரணை இன்னும் முடியவில்லை, புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்ள விரும்புகிறாயா?

எனக்கு அவகாசம் கொடுத்தார். அதுவும் ஒரு நிமிடம் இருக்கும். ஸ்வெட்டர்கள் சொட்டிக்கொண்டுதான் இருந்தன.

வேண்டாம் என்று சொன்னேன்.

எதிரே நின்றவர் நோயாளி என்று எனக்குத் தெரியும். அவர் பொய் சொல்லவில்லை என்றும் தெரியும். ஆனால் ஒன்பது கிலோ என்றால் ஒன்பது கிலோதானே, விதி எல்லோருக்கும் ஒன்றுதானே என்று என் மனசு ஒரு வக்கீல் வேலை பார்த்தது. பலகை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

அவர் அந்தப் போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். வெளியே வந்ததும் எனக்குக் கைகொடுத்தார். கை ஐஸ் மாதிரி இருந்தது. "சரி தம்பி, விதி விதிதானே," என்றார். பிறகு வேனைத் திறந்து, அன்றைய சாப்பாட்டுப் பெட்டிகள் இரண்டையும் எடுத்து என் கையில் தந்துவிட்டுப் போனார்.

பெரிய பாய்

ஒன்ராறியோவுக்குப் புதுப் பாயோடு நான்தான் போனேன். எழுபது கிலோ உடம்பு. பெரிய ஏரி, பெரிய காற்று. முதல் நாளே மூன்று முறை கவிழ்ந்தேன். மூன்றாவது முறை நிமிர்த்தத் தெம்பில்லாமல் காவல் படகு வந்து இழுத்துக்கொண்டு போனது. மொத்தத்தில் கடைசி.

திரும்பிவந்து தொலைபேசியில் சொன்னபோது அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை.

"நீர் நடுப்பாய்க்குப் போம். உமக்கு அதுதான் பாய். முதல் நாளே சொல்லியிருப்பன், நீர் கோவிப்பீரெண்டு விட்டிட்டன்."

இப்போதும் கிளப் வாசலில் என் பெயர் தங்க நிறத்தில் இருக்கிறது. அந்தப் பலகையில் ஏறிய முதல் தமிழ்ப் பெயர். அவர் அடுத்த ஏப்ரலில், ஏரியில் பனி உடைவதற்கு முன்பே போய்விட்டார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய அக்டோபரில் நடந்தது. பவானி அக்கா என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். அண்ணையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வயிற்றில் கட்டி என்றார்.

"டொக்டர் கேக்கிறா, எப்பத்தையிலை இருந்து நிறை குறையுது எண்டு. எங்கடை வீட்டிலை தராசு இல்லைத் தம்பி. நீங்கள் கிழமைக்குக் கிழமை எழுதி வச்சிருக்கிறீங்களெண்டு இவர் சொல்லுறார். அந்தக் கொப்பியை ஒருக்காக் கொண்டுவாறீங்களோ?"

நீல நோட்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு மெட்ரோ ஏறினேன். உதவி செய்யப் போகிறோம் என்ற நினைப்பில் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. நோட்டைத் திறந்து பார்க்கவில்லை. எண்கள்தானே என்று நினைத்தேன்.

டாக்டர் இளம்பெண். நோட்டைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. இப்படி ஒழுங்காக எழுதிவைத்தவர்களை அவள் பார்த்ததே இல்லையாம். எண்கள் அவளுக்குப் புரிந்தன. மற்றதெல்லாம் தமிழ் என்பதால் பவானி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு போனார். மே இரண்டாம் சனி, எண்பத்து மூன்று. ஜூன் முதல் சனி, எண்பது. டாக்டர் குறித்துக்கொண்டே வந்தாள்.

ஜூலைக்கு வந்தபோது டாக்டரின் பேனா கடைசிக் கட்டத்தைத் தொட்டது. எல்லா வரியிலும் ஒரே சொல் இருக்கிறதே, இது என்ன, அவருக்கு வலி இருந்ததா, வாந்தி இருந்ததா என்று கேட்டாள்.

பவானி அக்கா அந்தச் சொல்லைப் பார்த்தார். மேலே போனார். மே மாதத்திலிருந்து மறுபடி கீழே வந்தார். ஆகஸ்டு முதல் வாரத்தில் நான் அதற்கு இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தேன்.

"ரியான்," என்றார் டாக்டரிடம். ஒன்றுமில்லை. "செ ரியான்."

டாக்டர் போன பிறகு தாழ்வாரத்துக்கு வந்து நோட்டை என்னிடம் நீட்டினார். அவருடைய குரல் உயரவே இல்லை.

"தம்பி, எழுபத்தெட்டு, நல்லது. எழுபத்தஞ்சு, நல்லது. எழுபத்து மூண்டு, நல்லது. இது ஆருக்கு நல்லதெண்டு எழுதினீங்கள்?"

அவர் கொடுத்துவிட்ட சாப்பாடு என் உடம்பில் ஆறு கிலோவாக ஏறி நின்றது.

"எனக்குத்தான்க்கா," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "ஓம். எனக்கும் அப்பிடித்தான் விளங்கினது," என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்து அண்ணையிடம் போனார்.